நாற்பத்தொன்றைக் கூப்பிட்டவன்

நாவுல என்ற ஊரின் பஸ் ஹோல்டில் மூன்று பேர் இறங்கினார்கள். தேத்தண்ணிக் கடைக்காரன் அவர்களை மேலும் கீழும் பார்த்தான். பார்த்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தான். கடை திறந்துதான் இருந்தது. ஆனால் இவர்களுக்குத் தேத்தண்ணி கிடையாது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

"நானா, நம்மளக் கண்டதும் அடுப்பே குளுந்துருச்சு," என்றான் இருளாண்டி. "அடுத்த பஸ்ஸு எப்பன்னு கேட்டு வைக்கட்டுமா? திரும்பிப் போறதுக்குத்தான்."

"திரும்பிப் போறப்ப நாங்க நாலு பேராப் போவோம்," என்றார் மீராசாஹிப். "இல்லாட்டிப் போறதே இல்ல. நட."

மீராசாஹிப் நானா என்றால் மாத்தளையில் தெரியாதவர்கள் குறைவு. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சிங்களத்தில் பொய் சொன்னவனைத் தமிழிலும் பொய் சொல்ல வைத்து, தமிழில் அழுதவளை இங்கிலீஷிலும் அழ வைத்துச் சம்பளம் வாங்கியவர். ஒரு நாள் நீதவான் ஒருவர், அப்படியே சொல்லாமல் கொஞ்சம் மாற்றிச் சொல்லச் சொன்னாராம். அன்றைக்கே கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், மிளகுக் கடை ஒன்றுக்கு மேலே அறை எடுத்துத் துப்பறியத் தொடங்கிவிட்டார். இருளாண்டி பஸ் கண்டக்டராக இருந்தவன். வாய் நீளம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாய்க்குத்தான் மீராசாஹிப் இப்போது சம்பளம் கொடுக்கிறார். அதுவும் நினைவு வந்தால்.

மூன்றாவது ஆள் புஷ்பவதி. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மாத்தளைக்கு வந்து, அறை வாசலில் நின்றபடியே அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்க வீட்டுக்காரரக் கார்னிவல் ஆபீஸுல பூட்டி வச்சிருக்காங்கய்யா. பொழுது சாயுறதுக்குள்ள வெளிய விட்டுருவாங்களாம். விட்டா கொன்னுருவாங்க."

பூட்டி வைப்பதைத்தான் ஆபத்து என்பார்கள், இது என்ன புதுக் கதை என்று இருளாண்டி ஒரு பகிடி விடப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பகிடியை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான்.

அவள் புருஷன் பழனிமுத்து கார்னிவலில் பிங்கோ எண் கூப்பிடுகிறவன். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகிய குரல். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எண் தண்ணீராக ஓடும். ஒரு கிழமையாக, ஏழு நாளும் ஒரு குறையும் இல்லாமல் கூப்பிட்டவன், நேற்றுப் பின்னேரம் கடைசி ஆட்டத்தில், கைட்ரக்டர் பரிசாக இருந்த ஆட்டத்தில், ஓர் எண்ணைத் தமிழில் முதலில் சொல்லிவிட்டான். நாற்பத்தொன்று. அந்த எண்ணிலேயே ஒருவன் வெற்றி பெற்றான். அதற்குப் பிறகு வந்தவை எண்கள் அல்ல, கற்கள்.

"வேணும்னே செஞ்சிருப்பாராம்மா?" என்று நடந்துகொண்டே கேட்டான் இருளாண்டி.

"அவரா? லயத்து வீட்டுல ரேடியோவைச் சத்தமா வைக்கவே பயப்புடுவாரு. எழுபத்தேழு கலவரத்துல எங்க கூரை எரிஞ்சதுல இருந்து அப்படித்தான். இந்த ஊருல வந்து வேணும்னே அப்படிச் செய்ய அவருக்கு என்ன பைத்தியமா?"

கார்னிவல் நடந்தது அறுவடை முடிந்த வயலில். அந்தப் பக்கம் யானை இறங்கும் என்பதால் ஆட்டமெல்லாம் பின்னேரத்தோடு முடிந்துவிடும். இப்போது ராட்டினமும் நின்று, மரணக் கிணறும் நின்று, சனம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சிலர் கையில் வேலிக்கட்டை. புஷ்பவதியின் காலடியில் ஒருவன் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். "தெமலாவைக் கூட்டிப்போக இன்னும் தெமலா வந்திருக்கு," என்று தமிழருக்கான சிங்களச் சொல்லை ஏச்சாக்கியது பின்னால் ஒரு குரல்.

பயம் என்று வந்துவிட்டால் இருளாண்டி அதை மறைக்கிறவன் அல்ல. "நானா, எனக்குக் கால் நடுங்குது," என்றான்.

"நடுங்கட்டும். நடந்துக்கிட்டே நடுங்கு."

பிங்கோக் கொட்டகை வாசலில் ஆட்ட விதிகளைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். மீராசாஹிப் அதன் முன்னால் நின்றுவிட்டார். அவரைச் சுற்றி ஊரே எரியட்டும், எழுதியிருப்பதை வாசிக்காமல் நகர மாட்டார். கூப்பிடுகிறவர் ஒவ்வோர் எண்ணையும் முதலில் சிங்களத்தில், அடுத்துத் தமிழில், பிறகு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மூன்றும் சொல்லி முடியுமுன் அடுத்த எண் காயைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. கூப்பிட்ட எண்களால் அட்டை நிறைந்து வென்றவர் அடுத்த காய் வெளியே வருமுன் பிங்கோ என்று கத்திவிட வேண்டும். விதி மீறிக் கூப்பிட்ட எண் செல்லாது. காய் பைக்குள் திரும்பும்.

"கடைசி விதியைப் பாத்தியா?" என்றார் மீராசாஹிப். "எண் செல்லாது. அப்ப ட்ரக்டரும் செல்லாது. ஆனா இங்க யாரும் ட்ரக்டரைப் பத்திக் கதைக்கல்ல. எல்லாருக்கும் பழனிமுத்துட தோல்தான் வேணும்."

"ட்ரக்டரைவிட தோல் மலிவு நானா."

கார்னிவல் ஆபீஸ் என்பது நாலு தகரமும் ஒரு பூட்டும். வாசலில் பொலிஸ் சார்ஜன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருந்த படை இரண்டு கான்ஸ்டபிள்கள். அதில் ஒருவருக்குக் காய்ச்சல். "பொழுது சாய்ந்தால் நான் பொறுப்பில்லை," என்று வந்தவர்களிடம் சிங்களத்தில் முதல் வார்த்தையாகவே சொன்னார். "பிரச்சினை தீரும்வரை யாரும் நகரக் கூடாதென்று சொல்லியிருக்கிறேன். சனம் மட்டும் நகர்ந்து நகர்ந்து கிட்ட வருகிறது."

உள்ளே பழனிமுத்து ஒரு பெட்டியின் மேல் இருந்தான். உதடு வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் கால்மேல் கால் போட்டு ஸஹாப்தீன் முதலாளி. கார்னிவல் அவருடையது, ஊர் ஊராகக் கூடாரம் அடிப்பவர். கையை முழுக்க மறைக்கும் வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. எங்கட ஆள் ஒருத்தர் வந்தது நல்லம்," என்றார் முதலாளி. சொல்வதைச் ‘செல்வது’ என்கிற பேச்சு இருவருக்கும் ஒன்று. "இவனை மேடையில ஏத்தி மன்னிப்புக் கேக்கச் செல்லுங்க. வேலையால நிப்பாட்டிட்டன். கதை முடிஞ்சு."

"வஅலைக்குமுஸ்ஸலாம். யார் யார்ட்ட மன்னிப்புக் கேக்கணுமெண்டு எனக்கு இன்னும் வெளங்கல்ல. வெளங்கினதும் செல்றன்." மீராசாஹிப் பழனிமுத்து பக்கம் திரும்பினார். "பழனிமுத்து, என்ன நடந்த?"

"வாய் தவறிருச்சுங்க."

"கடைசி ஆட்டத்துல பையிலிருந்து காய் எடுத்தது யாரு?"

"முதலாளிதாங்க. கடைசி ஆட்டத்துக்கு அவருதான் கைபோட்டு எடுப்பாரு. எடுத்து எங்கிட்ட குடுப்பாரு. நான் கூப்புடுவேன்."

"தமிழ்ல செல்லிப்போட்டு, சிங்களத்துல செல்ல எவ்வளவு நேரம் எடுத்தீங்க?"

பழனிமுத்துவின் கண் முதலாளியிடம் போய்த் திரும்பியது. "ஒரு மூச்சு விடுற நேரம் நின்னுட்டேங்க. வாய் தவறிருச்சு. என்னைய விட்டுருங்கய்யா."

புஷ்பவதி அவன் தலையைத் தடவினாள். அவ்வளவுதான் விசாரணை. வெளியே வந்ததும் இருளாண்டி கையை விரித்தான்.

"என்ன நானா, ஒண்ணுமே சொல்லலியே அந்த மனுஷன்."

"மிச்சம், நெறைய சென்னார். நீ பஸ்ஸுல ஒருத்தர்ட காலை மிதிச்சா என்ன செய்வாய்?"

"காலை ஏன் அங்க வச்சீங்கன்னு கேப்பேன்."

"அதுக்கு முந்தி?"

"என் காலை எடுப்பேன்."

"ஒடனே எடுப்பாய். வாய் தவறினவனும் அப்படித்தான், ஒடனே திருத்துவான். இந்த மனுசன் மிதிச்ச காலை எடுக்காம நிண்டீக்கிறார். ஏன் நிண்டார்? அதுதான் கேள்வி. வா, கோவமா ஈக்கிற ஒரு ஆளைக் காட்டு."

"கோவமில்லாத ஆளைக் காட்டுறதுதான் கஷ்டம்."

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மரணக் கிணற்றின் நிழலில் ஒரு பெண் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தாள். பெயர் சுதுமெனிக்கே, லக்கலயிலிருந்து வந்தவள். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிப்பதும் லொத்தர் சீட்டு விழுவதும் ஒன்றுதான். நேற்றுப் போக முடியாமல் வயலிலேயே தங்கியிருந்தாள். கையில் இன்னும் அவளுடைய பிங்கோ அட்டை. அதன் மேல், வந்த எண்ணுக்கு அடையாளமாக வைத்த ஒரு சோளவிதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு எண்!" என்று அட்டையை இருளாண்டியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் பேசியது சிங்களம். கோபத்துக்கு மொழி தேவைப்படவில்லை. "ஒரே எண்ணுக்கு நின்றேன். யானை மிதித்த வயலை உழ எனக்கு மாடில்லை. அந்த ட்ரக்டர் எனக்கு வந்திருக்கும். உங்கள் ஆள் கெடுத்தான்."

"எப்படிக் கெடுத்தான்?" என்று பணிவாகக் கேட்டார் மீராசாஹிப்.

"எப்படியா? முதலில் உங்கள் மொழியில் கத்தினான். கத்திவிட்டு மரக்கட்டை மாதிரி நின்றான். நாங்கள் எல்லாம் வாயைப் பிளந்தோம். அதற்குள் அந்தத் தொப்பிக்காரன் பிங்கோ என்றான். அதற்குப் பிறகுதான் இவனுக்குச் சிங்களமே ஞாபகம் வந்தது!"

மீராசாஹிப் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நோனா, இதையே இன்னொரு தடவை எல்லாருக்கும் முன்னால் சொல்வீர்களா?"

"நூறு தடவை சொல்வேன். அவன் பல் உதிரும்வரை சொல்வேன்."

நடந்து தள்ளி வந்த பிறகு இருளாண்டி முணுமுணுத்தான். "நல்லா சாட்சி தேடினீங்க. தூக்குக் கயித்துக்கு எண்ணெய் போட்டுக் குடுத்த மாதிரி."

"எனக்கு இவவிட நல்ல சாட்சி கெடைக்கப் போறல்ல," என்றார் மீராசாஹிப். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பு இருளாண்டிக்குப் பிடிக்காது. அது வந்தால் யாராவது அடி வாங்குவார்கள்; பல நேரங்களில் அது இருளாண்டியாக இருக்கும்.

தொப்பிக்காரன் பெயர் விமலதாச. பரிசாகக் கிடைத்த கைட்ரக்டரின் இருக்கையிலேயே உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். ஊர் குருநாகல் பக்கம் என்றான். இந்தப் பக்கம் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவனாம். இருளாண்டி ட்ரக்டரைச் சுற்றி வந்தான். புத்தம் புதிது என்று பொலித்தீன் உறை போட்டிருந்தார்கள். உறை கட்டிய கயிற்றில் மட்டும் மூன்று ஊர்ப் புழுதி இருந்தது.

"வாழ்த்துக்கள் மாத்தயா," என்றார் மீராசாஹிப் சிங்களத்தில். "தமிழில் கூப்பிட்டதால் பிரச்சினை வந்துவிட்டது. உங்களுக்கும் சங்கடம்."

"எனக்கென்ன சங்கடம்? அவனுக்குத்தான் சங்கடம் வரவேண்டும்," என்றான் விமலதாச. "ஆட்டம் தொடங்கும்போதே அவனிடம் சொன்னேன், அந்தப் பாஷையை விட்டுவிட்டுச் சீக்கிரம் கூப்பிடு, நேரம் வீணாகிறது என்று. கேட்கவில்லை. இந்த நாட்டில் பிறந்து எனக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒன்றுகூட!" என்று பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவன் கை தட்டினான்.

மீராசாஹிப் நன்றி சொல்லிவிட்டு நேரே சார்ஜனிடம் போனார். அவர் காதில் ஏதோ சொன்னார். சார்ஜன் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, முதலாளியையும் பிங்கோக் கொட்டகைக்கு அழைத்தார். பொழுது ராட்டினத்தின் உச்சிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நானா, என்ன செய்யப் போறீங்க?"

"மைக் பிடிக்கப் போறன். நீ வாசல்ல நில்லு. வெள்ளைச் சட்டை வெளிய போகப் பாத்தா விடாத."

"கட்டையோட நூறு பேரு இருக்காங்க. நான் ஒருத்தனைப் பிடிக்கணுமா?"

"ஒருத்தனைத்தானே பிடிக்கச் சென்னன்."

பிங்கோக் கொட்டகை மேடையில் மீராசாஹிப் ஏறியதும் கூச்சல் கிளம்பியது. எங்கிருந்தோ ஒரு கல் தகரத்தில் விழுந்து உருண்டது. அவர் அது நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு கோர்ட்டில் பேசுகிற அதே நிதானத்தில் சிங்களத்தில் தொடங்கினார்.

"பழனிமுத்து விதியை மீறினார். முதலில் சிங்களம் சொல்ல வேண்டும். அவர் தமிழ் சொன்னார். அது பிழை. நான் ஒத்துக்கொள்கிறேன்."

கூட்டம் இதை எதிர்பார்க்கவில்லை. "ஹரி!" என்று சிங்களத்தில் சரி சொன்னது ஒரு குரல். வாசலில் நின்ற இருளாண்டிக்குத் தலை சுற்றியது. கட்சிக்காரனைக் காப்பாற்ற வந்தவர், வந்ததும் அவனைக் காட்டிக் கொடுக்கிறார்.

"இப்போது எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? நோனா, நீங்கள் சொல்லுங்கள்."

சுதுமெனிக்கே இரண்டு தரம் கேட்கவிடவில்லை. "அவன் மரக்கட்டை மாதிரி நின்றான். அந்தத் தொப்பிக்காரன் பிங்கோ என்று கத்தினான். பிறகுதான் சிங்களம் வந்தது."

"எல்லாரும் கேட்டீர்களா? சிங்களம் வருமுன் பிங்கோ வந்ததா?"

"வந்தது, வந்தது!" என்றார்கள். எல்லாருக்கும் அது ஞாபகம் இருந்தது. அந்தக் கோபத்தில் ஒரு நொடியையும் அவர்கள் மறக்கவில்லை.

"விமலதாச மாத்தயா, மேலே வாருங்கள். உங்களுக்கு ஒரு தமிழ் வார்த்தைகூடத் தெரியாது என்று சற்று முன் சொன்னீர்கள். இவர்களும் கேட்டார்கள். அப்படியானால் நாற்பத்தொன்று வந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

கை தட்டியவன் கையைக் கீழே போட்டான். விமலதாச தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். பிறகு சிரித்துவிட்டான்.

"ஓ, அதுவா! பேச்சுத்தான் தெரியாது என்றேன். எண் தெரியும். சந்தைக்குப் போகிறவனுக்கு எண் தெரியாமல் இருக்குமா?"

நியாயமான பதில்தான். சனத்தில் பாதிப் பேர் சந்தைக்குப் போகிறவர்கள்; அவர்களும் தலையாட்டினார்கள். முதலாளியின் முகம் தெளிந்தது. முடிந்தது கதை, இனி நாலு பேராகப் போக மாட்டோம், ஒருவேளை மூன்று பேராகவும் போக மாட்டோம் என்று நினைத்தான் இருளாண்டி.

"நல்லது," என்றார் மீராசாஹிப், கடைக்காரரிடம் மீதி வாங்குகிறவர் மாதிரி. "இருபது வருஷம் கோர்ட்டில் இருந்தேன். பாஷை தெரியாது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிற சாட்சிகள் வருவார்கள். நான் வாய் திறக்குமுன்னே சிலருக்கு முகம் மாறிவிடும். தெரியாது என்பவனுக்குத் தெரியும் என்று அப்படித்தான் பிடிப்பேன். தெரியும் என்பவனுக்குத் தெரியாது என்று இன்றைக்குத்தான் முதல் தடவை பிடிக்கப் போகிறேன். இதோ நீங்கள் வென்ற அட்டை. இது சோளவிதை. நான் தமிழில் எண் சொல்கிறேன். நீங்கள் விதையை வையுங்கள்."

விமலதாசவின் கையில் விதைகள் வந்து விழுந்தன.

"பதினேழு," என்றார் மீராசாஹிப் தமிழில்.

விமலதாச அட்டையைப் பார்த்தான். யோசிப்பது போல ஒரு விதையை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தான். பக்கத்தில் நின்ற சார்ஜன் எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"அறுபத்திமூணு."

விதை இன்னொரு கட்டத்துக்குப் போனது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நாப்பத்தொண்ணு," என்றார் மீராசாஹிப். நிறுத்தினார். மறுபடி, தெளிவாக, பழனிமுத்து கூப்பிடுவது போலவே நீட்டிச் சொன்னார். "நாப்பத்தொண்ணு."

விமலதாசவின் கை அசையவில்லை. அவன் கண் அட்டையில் இல்லை. அது ஸஹாப்தீன் முதலாளியின் முகத்தில் இருந்தது. என்ன செய்ய என்று கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் அந்தக் கண் போன பாதையிலேயே திரும்பிப் பார்த்தார்கள்.

"அட பொய்க்காரா!" சுதுமெனிக்கேயின் குரல் ராட்டினம்வரை போயிற்று. "அதுதானடா உன் எண்! நீ ட்ரக்டர் வென்ற எண்! தெமல முதலாளிகளுக்கு மிளகாய் விற்கிற எனக்குத் தெரிகிறது, வென்ற உனக்குத் தெரியவில்லையா?"

வெள்ளைச் சட்டை கூட்டத்தின் ஓரமாக வாசலை நோக்கி நழுவியது. இருளாண்டி கையை நீட்டி வழியை மறித்தான். கால் நடுங்கியதுதான், ஆனால் கண்டக்டர் வேலையில் நடுங்கிக்கொண்டே மறித்து அவனுக்குப் பழக்கம்.

"முதலாளி, இறங்குறதுக்கு முன்ன டிக்கட்டைக் காட்டுங்க."

சார்ஜன் வந்து முதலாளியின் தோளில் கை வைத்தார். மேடையில் விமலதாச அதற்குள் பாதி அழுதுகொண்டிருந்தான். ட்ரக்டர் தனக்கு இல்லை, முதலாளிக்கே திரும்பிப் போகிறது, தனக்குக் கூலி மட்டும்தான், போன ஊரிலும் வென்றவன் வேறு ஆள், ட்ரக்டர் இதேதான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

பழனிமுத்துவை வெளியே கொண்டுவந்தார்கள். அவன் மேடையின் படியில் நின்றான், மேலே ஏறவில்லை.

"இனிச் செல்லுங்க," என்றார் மீராசாஹிப். "வாய் தவறல்ல. தெரியும்."

பழனிமுத்து சனத்தைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினான். வீங்கின உதட்டிலும் அந்தக் குரல் எடுபட்டது. "இன்னும் ஒரே எண் மிச்சம் என்று காட்ட இந்த விமலதாச தொப்பியைக் கழற்றினார். முதலாளி பைக்குள் கை போட்டார். காய் எடுக்கப் போகிற கை திறந்து போகும். அவர் கை மூடிக்கொண்டு போனது. மூடிக்கொண்டே வந்தது. காய் முன்பே கைக்குள் இருந்தது. என்னிடம் தந்தார், நாற்பத்தொன்று. நான் என்ன செய்ய? கள்ளன் என்று சொன்னால் யார் என்னை நம்புவார்கள்? சொல்லாமல் கூப்பிட்டால் நானும் கள்ளன். இந்த விமலதாசவுக்குத் தமிழ் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆட்டம் தொடங்கும்போதே அந்தப் பாஷையை ஏசினார். அதனால் தமிழில் சொல்லிவிட்டு நின்றேன். எண் தெரியாதவன் கத்தினால் எல்லாரும் பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்."

அவன் கொஞ்சம் நிறுத்தினான். "நீங்கள் என்னைத்தான் பிடித்தீர்கள்."

வேலிக்கட்டை வைத்திருந்தவர்களில் சிலர் அதை நிலத்தில் ஊன்றி, ஊன்றுகோல் போல அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். இருளாண்டி ஒரு மன்னிப்பை எதிர்பார்த்தான். இப்போது வரும், இதோ வரும் என்று பார்த்தான். வரவில்லை. சுதுமெனிக்கேதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"கள்ளனைப் பிடித்தது சரி," என்றாள். "ஆனாலும் எங்கள் பாஷையைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்."

இருளாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் பழனிமுத்து தலையை ஆட்டிவிட்டான். "ஆமாம் அம்மே. அதுதான் விதி."

அப்போதுதான் புஷ்பவதி முன்னால் வந்தாள். காலையிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அவள் சிங்களம் தோட்டத்துக் கடையில் பழகிய சிங்களம், உடைந்த சிங்களம். ஆனால் அங்கே யாருக்கும் அது விளங்காமல் போகவில்லை.

"ஒரு கிழமையா இவர் உங்க பாஷையைத்தான் முன்னுக்குச் சொன்னார். ஒவ்வொரு எண்ணும். ஒவ்வொரு ஆட்டமும். அப்ப யாராவது ஒருத்தர் ஒரு பூ எறிஞ்சீங்களா? ஒரே ஒரு எண் மாறிச்சு. கல்லு எறிஞ்சீங்க."

சுதுமெனிக்கே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அதில் வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

சார்ஜன் தொண்டையைச் செருமினார். சனம் கலைய வேண்டுமானால் ஆட்டம் முடிய வேண்டும், விதிப்படி நாற்பத்தொன்று பைக்குத் திரும்பும், மிச்ச ஆட்டத்தைப் பழனிமுத்தே கூப்பிட்டால் நல்லது என்றார். மைக்கை நீட்டினார். பழனிமுத்துவின் கை பாதி உயர்ந்தது.

"வாங்க போவோம்," என்றாள் புஷ்பவதி, தமிழில். உயர்ந்த கையைப் பிடித்துக் கீழே இறக்கி, பிடித்தபடியே நடந்தாள்.

நாலு பேரும் வரம்பு வழியாக ரோட்டுக்கு வந்தார்கள். சனம் வழி விட்டது. விட்டது என்பதைத் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரன் இப்போது கேத்தலை அடுப்பில் ஏற்றினான். இருளாண்டி அவனைப் பார்க்காத மாதிரி நடந்தான்.

"நானா, இவருக்கு வேலையும் போச்சு. கார்னிவலுக்கு வந்ததுல தோட்டத்து வேலைப் பதிவுலயும் பேரு வெட்டியாச்சு. நாம எதைக் காப்பாத்துனோம்?"

"ஆளை," என்றார் மீராசாஹிப். "ஆளை மட்டுந்தான். அதுக்கு மேல எனக்கு ஏலாது." அவர் குரலில் காலையில் இருந்த தெம்பு இல்லை.

வயல் பக்கமிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. சார்ஜனே கூப்பிடத் தொடங்கிவிட்டார். "திஸ் ஹய," என்றார் சிங்களத்தில். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தமிழ் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒலிபெருக்கி சும்மா இரைந்துகொண்டிருந்தது.

பழனிமுத்து நடை தளர்ந்து நின்றான். வயலைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீங்கிய உதடு தானாக அசைந்தது.

"முப்பத்தாறு," என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

"வாயை மூடிக்கிட்டு நடங்க," என்றாள் புஷ்பவதி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.